எம்பி3-க்கும் சிடிக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வித்தியாசம் தெரியுமா, தெரியாதா?

பிட்ரேட்டைப் பொறுத்தது, அதாவது ஒரு விநாடி இசைக்கு எவ்வளவு தகவல் ஒதுக்கப்படுகிறது என்பதை. 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 என்றால், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனில் பல பாடல்களில் கண்டுபிடித்துவிடுவார். 192-இல் அவரே திணறுவார். நல்ல என்கோடரில் (எம்பி3 ஆக மாற்றும் மென்பொருளில்) 256, 320 என்று போய்விட்டால், எது எந்த ஃபைல் என்பதை மறைத்து, ஒலியளவையும் சமமாக்கிக் கேட்கச் சொன்னால், கிட்டத்தட்ட எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்கிறார்கள். இதற்கு விதிவிலக்கான ஒலிகள் சில உண்டு. நம் ஊர் வாத்தியங்கள் சிலவும் அந்த வகையைச் சேர்ந்தவை என்பதால் கீழே அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

சிடியில் எவ்வளவு இருக்கிறது, எம்பி3-இல் எவ்வளவு மிஞ்சுகிறது?

சிடியில் ஒரு விநாடி இசைக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலி அலையை அத்தனை முறை அளந்து பதிந்த எண்கள். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட். இடது, வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 53 எம்பி (மெகாபைட்) வரும். அதையே 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 12 எம்பி, 128 ஆக்கினால் 5 எம்பிக்கும் குறைவு.

அதாவது 128-இல் பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம். போன பத்துப் பங்கும் இசை என்று நினைக்க வேண்டாம். அதில் ஒரு பகுதி, திரும்பத் திரும்ப வரும் தகவலைக் கெட்டிக்காரத்தனமாக அடுக்கியதால் மிச்சமானது. மற்றது காதுக்கு எட்டாது என்று கணித்து விடப்பட்டது.

காதுக்கு எட்டாது என்று யார் முடிவு செய்தார்கள்? எப்படி?

எம்பி3-இன் பெரும்பகுதி வேலை ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் நடந்தது. கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதில் முக்கியமானவர். 1990-களின் தொடக்கத்தில் அது சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. ஃபைல் பெயரின் கடைசியில் வரும் 'எம்பி3' என்ற ஒட்டு 1995 ஜூலையில் முடிவானது.

அவர்கள் நம்பியது நம் செவியின் ஒரு பலவீனத்தை. நாதஸ்வரம் உரக்க ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது, அந்த அலைவரிசையை ஒட்டி மெல்லிய சத்தம் ஏதாவது இருந்தாலும் நமக்கு அது கேட்காது. பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மறைத்துவிடுகிறது. எந்த நொடியில் எது எதை மறைக்கும் என்று என்கோடர் கணக்குப் போடுகிறது. மறைந்திருக்கும் இடங்களைத் துல்லியமாகப் பதியாமல் கரடுமுரடாகப் பதிகிறது. அப்படிப் பதிவதால் இரைச்சல் பிறக்கும். அந்த இரைச்சலை, உரத்த ஒலியின் நிழலிலேயே ஒளித்து வைப்பதுதான் வித்தை. பிட்ரேட் போதவில்லை என்றால் இரைச்சல் நிழலைத் தாண்டி வெளியே வரும். நாம் 'பாட்டு கெட்டுப்போயிருக்கிறது' என்று சொல்வது அதைத்தான். இது போக, 128-இல் பெரும்பாலான என்கோடர்கள் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை மொத்தமாகவே வெட்டிவிடும்.

இந்த வேலை நடந்த காலத்தில் பிராண்டன்பர்க்கைப் பாடாய்ப்படுத்தியது பெரிய சிம்பொனி எதுவும் இல்லை. சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி, பின்னணி இசையே இல்லாமல் தனிக்குரலில் பாடிய 'டாம்'ஸ் டைனர்'. நூறு வாத்தியம் ஒன்றாக ஒலிக்கும்போது ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும். ஒற்றைக் குரலில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. அந்தக் குரல் சிதையாமல் வரும்வரை அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடும் ஒரு விருத்தம், பெரிய கோரஸோடு வரும் சினிமாப் பாட்டைவிட என்கோடருக்குக் கடினமாக இருக்கக் காரணமும் இதுதான்.

சரி, எந்த ஒலியில் எம்பி3 மாட்டிக்கொள்ளும்?

முதல் இடம், சட்டென்று வெடித்து எழும் ஒலிகளுக்கு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இப்படிப்பட்ட சோதனைகளுக்கென்றே ஒரு சிடி வெளியிட்டிருக்கிறது. அதிலிருக்கும் காஸ்டனெட் என்ற ஸ்பானிய மரச்சிப்பித் தாளம் இந்தத் துறையில் பிரசித்தம். பல கோடெக்குகளை (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறைகளை) அது மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறது.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். எம்பி3 இசையைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். ஒரு துண்டில் 1,152 மாதிரிகள். சிடி வேகத்தில் அது சுமார் 26 மில்லிசெகண்ட். கஞ்சிராவில் ஒரு அடி விழுகிறது என்று வையுங்கள். அந்த அடி துண்டின் பின்பாதியில் இருக்கிறது, முன்பாதியில் நிசப்தம். கரடுமுரடாகப் பதிந்ததால் பிறக்கும் இரைச்சல் அடியோடு நிற்காது. துண்டு முழுக்கப் பரவி, முன்பாதி நிசப்தத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடி விழுவதற்கு முன்பே 'ஷ்' என்று ஒரு மெல்லிய கசிவு. இதை முன்னெதிரொலி என்கிறார்கள்.

அடிக்குப் பின்னால் வரும் இரைச்சலைக் காது பெரிதாகக் கண்டுகொள்ளாது. பெரிய சத்தத்துக்குப் பிறகு நூறு மில்லிசெகண்டுக்கும் மேல் செவி மந்தமாகத்தான் இருக்கும். முன்னால் வருவதை மறைக்கும் சக்தியோ சில மில்லிசெகண்டுதான். அதனால் இந்தக் கசிவு அகப்பட்டுக்கொள்கிறது. அடியின் முனை மழுங்கி, தோலில் விரல் பட்ட அந்தக் 'டக்' போய், துணியை விரித்துவிட்டு அடித்தாற்போல் இருக்கும். நல்ல என்கோடர்கள் இதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் துண்டுகளை மூன்றில் ஒரு பங்காகச் சிறிதாக்கிக்கொள்ளும். ஆனாலும் குறைந்த பிட்ரேட்டில் மோர்சிங், கஞ்சிரா, கடம், நட்டுவாங்கத் தாளம் இவற்றில் காதைத் தீட்டிக் கேட்டால் பிடிபடும். தனி ஆவர்த்தனத்தைப் போட்டுப் பாருங்கள். அதிலும் வேகமான இடத்தைவிட, அடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு வாசிக்கும் தொடக்கத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கைதட்டல். சபாவில் ஐநூறு பேர் கைதட்டுவது என்பது ஆயிரக்கணக்கான குட்டி வெடிப்புகள், ஒழுங்கே இல்லாத கலவை. குறைந்த பிட்ரேட்டில் அது கைதட்டலாக இல்லாமல் குழாயில் தண்ணீர் கொட்டுவதுபோல் ஆகிவிடும். கச்சேரிப் பதிவு ஒன்றின் தரத்தைச் சட்டென்று தெரிந்துகொள்ள, பாட்டைக் கேட்பதைவிடக் கைதட்டலைக் கேட்பது நல்ல வழி. தம்புராவின் மேல்நாதங்களும் 96, 128-இல் நிலையாக நிற்காமல் மினுங்கி மினுங்கி வரும்.

இதையெல்லாம் யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

நிறைய. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஒன்று எனக்குப் பிடித்தமானது. இசையிலும் ஒலிப்பதிவிலும் பயிற்சி உள்ளவர்களை உட்காரவைத்து, சிடி தரத்தையும் பல பிட்ரேட் எம்பி3-களையும் எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 96 முதல் 192 வரை சிடியையே அவர்கள் தெளிவாக விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். 256-க்கும் 320-க்கும் வந்தபோது அந்த வித்தியாசம் காணாமல்போனது. 192 வரை பிடித்தவர்கள் பயிற்சி பெற்ற காதுக்காரர்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். பேருந்தில் இயர்போன் மாட்டிக் கேட்பவருக்கு அந்தக் கோடு இன்னும் கீழேதான் இருக்கும்.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் வானொலிக்கு எந்தக் கோடெக்கைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஸ்வீடன் வானொலி 1990 வாக்கில் பெரிய அளவில் சோதனை நடத்தியது. அறுபது நிபுணர்கள், ஆயிரக்கணக்கான மதிப்பீடுகள், எல்லாம் மறைமுறைச் சோதனை, அதாவது எது எது என்று சொல்லாமல் கேட்கவைப்பது. தேறிவந்த கோடெக்கின் பதிவைப் பார்ட் லொகாந்தி என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளருக்கு அனுப்பினார்கள். அவர் கேட்டுவிட்டு, 1.5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வேண்டாத ஒரு ஒலி இருக்கிறது என்றார். அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் அது கேட்டது.

இதை வைத்து 'மறைமுறைச் சோதனையே வேஸ்ட்' என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே தெரிய வருவது, எதைத் தேடுகிறோம் என்று தெரியாத காது பக்கத்தில் இருப்பதையே தவறவிடும் என்பது. ஆகவே சோதனைக்கு முன் பயிற்சி வேண்டும். அதற்காகத்தான் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த கேட்டறியும் சோதனை முறையில் பங்கேற்பவர்களுக்கு முதலில் குறைகளைக் காட்டிப் பழக்குகிறார்கள்.

ஆனால் நான் ஃபிளாக் (எதையும் இழக்காமல் சுருக்கும் 'லாஸ்லெஸ்' ஃபைல்) போட்டதும் எனக்கு நன்றாகவே கேட்கிறதே! அது பொய்யா?

நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் கேட்டிருக்கும். ஆனால் அந்த அனுபவத்துக்குக் காரணம் ஃபைல்தானா என்பது வேறு கேள்வி. திரையில் 'லாஸ்லெஸ்' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கும்போது நாம் இன்னும் கூர்ந்து கேட்கிறோம். கூர்ந்து கேட்டால் முன்பு கவனிக்காத வயலின் வரி ஒன்று தெரியத்தான் செய்யும். அடுத்து எம்பி3-ஐப் போட்டாலும் அந்த வரி அங்கேயே இருக்கும், நாம்தான் அதைத் தேட மாட்டோம்.

இரண்டாவது காரணம் ஒலியளவு. இரண்டு பதிவுகளில் ஒன்று அரை டெசிபெல் கூடுதலாக இருந்தால், 'இது சத்தம் அதிகம்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'இது தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது' என்பார்கள். ஒலிக்கருவிக் கடைகளில் இதை வைத்தே வியாபாரம் நடக்கிறது.

நானே வீட்டில் சோதித்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதை நம்புவதைவிட அதுதான் நல்லது.

உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றின் சிடியையோ ஃபிளாக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்தே நீங்களே எம்பி3 தயாரியுங்கள். இணையத்தில் கிடைக்கும் எம்பி3-ஐ எடுத்தால் அது வேறு மாஸ்டரிலிருந்து (வெளியீட்டுக்குத் தயாராக்கிய வேறு மூலப் பதிப்பிலிருந்து) வந்ததாக இருக்கலாம், சோதனை அங்கேயே பாழ். லேம் என்ற இலவச என்கோடர் போதும். கணினியில் ஃபூபார்2000 என்ற பிளேயரும் அதற்கான ஏபிஎக்ஸ் இணைப்பும் வேண்டும். ஏ என்பது அசல், பி என்பது எம்பி3, எக்ஸ் என்பது இரண்டில் ஏதோ ஒன்று. எக்ஸ் எது என்று நீங்கள் சொல்ல வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்கலாம், அவசரமே இல்லை. முழுப்பாட்டையும் ஓட்டாமல், அடி விழும் இரண்டு மூன்று விநாடியை மட்டும் வெட்டிச் சுழலவிடுங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் தங்குவது அவ்வளவு நேரம்தான்.

பதினாறு சுற்று போடுங்கள். பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால், அது வெறும் அதிர்ஷ்டத்தில் நேர வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே. உங்களுக்கு உண்மையாகவே கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு, ஒன்பது என்று வந்தால் நாணயத்தைச் சுண்டிப்போட்டாலும் அதே கணக்குத்தான் வரும். எத்தனை சுற்று என்பதை ஆரம்பிக்கும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். மதிப்பெண் நன்றாக இருக்கும்போது நிறுத்திக்கொள்வது கணக்கைக் கெடுத்துவிடும்.

முதலில் 96-இல் தொடங்குங்கள். அதில் குறை எப்படி ஒலிக்கிறது என்று காதுக்குப் பழக்கிய பிறகு 128, 160, 192 என்று ஏறுங்கள். நேரே 320-இல் தொடங்கி 'ஒன்றும் தெரியவில்லை' என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

சோதனையில் தோற்றால் என் காது மோசம் என்று அர்த்தமா?

இல்லை. என்கோடர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம்.

வயதானால் வித்தியாசம் தெரியாது என்கிறார்களே?

பாதி சரி. வயது ஏற ஏற உச்ச அலைவரிசைகள் கேட்பது குறைந்துகொண்டே போகும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு 16 கிலோஹெர்ட்ஸில் ஒன்றும் கேட்காது. ஆகவே 128-இல் அதற்கு மேல் வெட்டியது அவர்களுக்கு நஷ்டமே இல்லை. ஆனால் முன்னெதிரொலி, கைதட்டல் குழைவு போன்றவை காதுக்கு நன்றாக எட்டும் நடு அலைவரிசைகளிலேயே நடக்கின்றன. அறுபது வயது மிருதங்க வித்வான் ஒருவர் மழுங்கிய 'தி'யைக் கண்டுபிடிப்பார். உச்ச அலைவரிசை எல்லாம் கேட்கும் இருபது வயதுப் பையன் அதைக் கவனிக்காமல் போகலாம்.

ஹை-ரெஸ் ஆடியோ? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்?

கேட்பதற்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. 44.1 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மாதிரி எடுத்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை முழுமையாக மீட்டெடுக்கலாம். மனிதக் காது நல்ல நிலையில் 20 வரைதான். 16 பிட்டில் கிடைக்கும் 96 டெசிபெல் வீச்சு வீட்டில் கேட்கும் எந்த இசைக்கும் தாராளம்.

அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட சோதனையில், ஹை-ரெஸ் இசையை நேராகவும், சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான பதில். பாதிக்குப் பாதி. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் 2016-இல் 18 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் சரியாக வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடியது. அதாவது ஏதோ மிகச் சிறிய அளவில் இருக்கலாம். அதற்காக இரட்டை விலை கொடுக்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஸ்டூடியோவில் பதிவு செய்பவர்களுக்கு 24 பிட் அவசியம், அது வேறு விஷயம்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் லாஸ்லெஸ் கேட்டால் பயன் உண்டா?

பெரும்பாலும் இல்லை. ப்ளூடூத் அனுப்பும்போதே மறுபடி சுருக்குகிறது. எல்லாச் சாதனங்களிலும் உள்ள எஸ்பிசி கோடெக் வழக்கமாக 328 கேபிபிஎஸ் வரைதான் போகும். எல்டிஏசி 990 வரை போகும், சிடிக்கு வேண்டிய 1,411-க்கு அதுவும் குறைவுதான். லாஸ்லெஸுக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்றால் ஒயர் போட்டுக் கேளுங்கள்.

டவுன்லோடு தளங்களில் '320 கேபிபிஎஸ்' என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 128 ஃபைலை எடுத்து 320 ஆக மறுபடி மாற்றுவது ஒரு நிமிட வேலை. அளவுதான் பெருக்கும், போனது திரும்பி வராது. இரண்டாம் தடவை சுருக்கியதால் இன்னும் கொஞ்சம் கெடவும் செய்யும். யூடியூபிலிருந்து இறக்கி '320 எம்பி3' ஆக்கித் தருபவையும் இதே வகை. அங்கே மூலமே பெரும்பாலும் 128 முதல் 160 கேபிபிஎஸ் ஓபஸ் அல்லது ஏஏசி, எம்பி3 போன்ற வேறு சுருக்க முறைகள்.

ஸ்பெக் போன்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் அலைவரிசைப் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை: 1950, 60-களின் பாடல்களில் அந்த உயரத்தில் முதலிலிருந்தே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் அங்கே மேலே போகப்போக மெல்ல மங்கும், கோடு போட்டு நிற்காது.

பழைய பாடல்கள்தான் கேட்கிறேன். அதற்கு எம்பி3 போதாதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் நடப்பது தலைகீழ். பழைய பதிவில் 'ஸ்ஸ்' என்று ஓடும் டேப் இரைச்சலுக்கு ஒழுங்கே கிடையாது. ஒழுங்கில்லாததைச் சுருக்குவது கஷ்டம். குறைந்த பிட்ரேட்டில் என்கோடர் கையிலுள்ள பிட்களை அந்த இரைச்சலுக்கே செலவழித்துவிட்டு, குரலுக்குக் குறைத்துக் கொடுக்கும். சீராக ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நெளிய ஆரம்பிக்கும், அதுதான் காதை உறுத்தும். பழைய பாட்டுக்கு 192-க்குக் கீழே போகாதீர்கள்.

ரீமாஸ்டர் செய்த பதிப்பு ஏன் வேறு மாதிரி கேட்கிறது? அதுவும் சுருக்கத்தாலா?

ஃபைலைச் சுருக்குவதால் இல்லை. மாஸ்டரிங்கில் மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். சரணத்தின் தொடக்கத்தில் குழைவாக வர வேண்டிய குரல், பல்லவியின் உச்சத்தில் வரும் அதே சத்தத்தோடு வந்து நிற்கும். எனக்கு இது எம்பி3-ஐவிடப் பெரிய இழப்பு. இதைக் கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். அமுக்கிய ரீமாஸ்டரின் ஃபிளாக்கைவிட, அமுக்காத பழைய சிடியிலிருந்து எடுத்த 192 எம்பி3-ஐ நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உச்சி வரை ஏற்றிவைத்த பாட்டை எம்பி3 ஆக்கும்போது அலையின் வடிவம் சற்று மாறி, சில முகடுகள் கூரையைத் தாண்டிவிடும். அவை நறுக்கப்படும்போது கரகரப்பு வரும். மாற்றும் முன் ஒரு டெசிபெல் குறைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அப்படியானால் நான் என்ன பிட்ரேட்டில் வைத்துக்கொள்வது?

போனில் கேட்க, எம்பி3 என்றால் லேமின் வி2 அல்லது வி0 அமைப்பு. முதலாவது சராசரியாக 190 கேபிபிஎஸ் பக்கம், இரண்டாவது 245 பக்கம் வரும். அதே பிட்ரேட்டில் ஏஏசியும் ஓபஸும் எம்பி3-ஐவிட நன்றாகச் செய்யும். ஆப்பிள் 2003-இல் பாட்டு விற்கத் தொடங்கியபோது 128 ஏஏசி, 2007-இல் அதை 256 ஆக்கத் தொடங்கியது. அந்த 256-இல் குறை கண்டுபிடிப்பவர் அபூர்வம்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை ஹெட்ஃபோனில் போடுங்கள். இரண்டு ஹெட்ஃபோன்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் யார் காதுக்கும் தெரியும்.

காதால் தெரியாது என்றால் ஃபிளாக் எதற்கு?

பாதுகாத்து வைக்க. ஃபிளாக் ஒரு பிட்டையும் இழக்காமல் ஃபைலைப் பாதி முதல் முக்கால் அளவுக்குள் கொண்டுவரும். நாளை வேறு கோடெக் வந்தால் அதிலிருந்து புதிதாக மாற்றிக்கொள்ளலாம். எம்பி3-இலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது போகும்.

வீட்டில் தாத்தா பதிவு செய்த கச்சேரி கேசட்டுகள் இருக்கின்றன. எப்படி மாற்றுவது?

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உலகத்தில் வேறு பிரதியே இல்லாத பதிவாக அது இருக்கலாம்.

நல்ல நிலையில் உள்ள டெக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், டேப்பைப் படிக்கும் தலையை (ஹெட்) சுத்தம் செய்யுங்கள். பிறகு அந்தத் தலையின் சாய்வைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் துளித்துளியாகத் திருப்பினால், ஒரு இடத்தில் ஜால்ராவும் வயலினும் போர்வையை விலக்கியதுபோல் பளிச்சென்று வெளியே வரும். அங்கே நிறுத்துங்கள். பதிவு செய்த மெஷினின் சாய்வும் இதுவும் ஒத்துப்போன இடம் அது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பிட்ரேட் பற்றி நாம் இவ்வளவு பேசியதையெல்லாம்விட இந்த அரைத் திருப்பில் கிடைக்கும் பலன் அதிகம்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து ஃபிளாக் ஆக வையுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பிரதியில் போடாதீர்கள். இரைச்சலோடு தம்புராவும் போகும், அதைத் திருப்பி எடுக்க முடியாது. வேண்டுமானால் தனிப் பிரதி எடுத்து அதில் செய்துகொள்ளுங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்ப 192 எம்பி3 போதும். மாற்றி முடித்தாயிற்றே என்று கேசட்டைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். உறையின் மேல் பேனாவில் எழுதியிருக்கும் ராகம், இடம், தேதி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.